பழைய ஜீப் பிக்கப்பை வீட்டுக் கொட்டகையில் எழுப்புவது: டெல்டாக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தஞ்சாவூரில் தொடங்கி வேதாரண்யம் வரை போனால், வழியில் ஏதாவது ஒரு கொல்லையில் தார்ப்பாய் போர்த்திய பழைய ஜீப் கண்ணில் படாமல் இருக்காது. பணம் தீர்ந்து நின்ற வண்டிகளைவிட வேலையின் வரிசை தப்பி நின்ற வண்டிகளே அதிகம். வாங்கிய கையோடு நிறத்தை முடிவு செய்வார்கள். எஞ்சினைப் பிரித்துப் போடுவார்கள். பிறகுதான் சேசிஸில், அதாவது அடிச்சட்டத்தில், விரிசல் தெரியும். கடைசியில் ஆர்.சி.யில் எஞ்சின் எண் வேறு என்று தெரியும்போது ஆர்வம் போய்விடும்.

வேலை இந்த வரிசையில் போக வேண்டும்: காகிதம், சேசிஸ், பிரேக், எஞ்சின், தகரம், பெயிண்ட், ஒயரிங். இதில் எதையும் முன்னுக்குப் பின் மாற்றாதீர்கள். முதல் வண்டி கட்டுகிறவர் மாலையும் ஞாயிற்றுக்கிழமையும் மட்டும் வேலை செய்தால் ஒரு மழைக்காலம் நடுவில் வந்தே தீரும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வண்டி

முதல் முயற்சிக்கு மஹிந்திரா ஜீப் குடும்பத்தைத் தாண்டிப் போக வேண்டாம். மும்பையில் 1947ல் பாகங்களைப் பூட்டி வில்லிஸ் ஜீப்பைக் கட்டத் தொடங்கியதிலிருந்து இந்தக் குடும்பம் தொடர்கிறது. சி.ஜே. 3பி, மூக்கில்லாத எஃப்.சி. 150, 160, பின்னால் வந்த எம்.எம். 540 என்று பெயர்கள் மாறினாலும் பல பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். சென்னை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் இன்னமும் தேடினால் கிடைக்கும். பேரிங்கையும் ஆயில் சீலையும் "ஜீப்புக்கு" என்று கேட்டு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பழையதன் மேல் பொறித்த எண்ணைத் துடைத்துப் படியுங்கள். எண் அழிந்திருந்தால் வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்துகொண்டு திருச்சியிலோ கும்பகோணத்திலோ பேரிங் கடைக்குப் போங்கள். அதே அளவு, பாதி விலை.

முதலில் ஆர்.சி.

வண்டியைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி.யைக் கையில் வாங்குங்கள். நான்கு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும். வண்டியில் பொறித்திருப்பதைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, தாளை வைத்துப் பென்சிலால் உரசி அச்செடுத்து ஒப்பிடுங்கள். பெட்ரோல் ஜீப்புகளில் பாதிக்கு யாரோ ஒருவர் டீசல் எஞ்சின் ஏற்றியிருப்பார், ஆர்.சி.யில் மட்டும் பெட்ரோல் என்றே இருக்கும். அந்த வண்டியை எவ்வளவு அழகாகக் கட்டினாலும் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த முடியாது.

இரண்டாவது, பாடி வகை. ஆர்.சி.யில் ஏற்கெனவே பிக்கப் என்று இருக்கும் வண்டியைத் தேடுங்கள். சாதாரண ஜீப்பின் பின்பக்கத்தை வெட்டிப் பிக்கப்பாக்குவது மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி மாற்றம். ஆர்.டி.ஓ. ஒப்புதல் இல்லாமல் செய்யக் கூடாது. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து அடிப்படை அம்சங்களை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நிறமும் ஆர்.சி.யில் ஏறும் விவரம்தான். மாற்றினால் பதிய வேண்டும்.

மூன்றாவது, சொந்த உபயோகமா சரக்கு வண்டியா என்பது. மஞ்சள் போர்டு பிக்கப் என்றால் இந்த வயதில் ஆண்டுதோறும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குக் காட்ட வேண்டும். சொந்த வண்டி என்றால் 15 ஆண்டுக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை 25ஆம் எண் படிவத்தில் புதுப்பித்தால் போதும்.

நான்காவது, பழைய கடன். முப்பது வருஷத்துக்கு முன் அடைத்த பைனான்ஸ் கடன் ஆர்.சி.யில் அப்படியே நிற்கும். அதை நீக்க 35ஆம் எண் படிவமும் கடன் கொடுத்தவரின் கையெழுத்தும் வேண்டும். அந்தக் கம்பெனியே மூடிப் போயிருந்தால் அலைச்சல் உங்களுக்குத்தான். ஆகவே விற்பவரையே முடித்துத் தரச் சொல்லுங்கள். பழைய புத்தக ஆர்.சி. கணினியில் ஏறியிருக்கிறதா என்பதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பார்த்துவிடுங்கள். ஏறாத வண்டிக்கு எந்த விண்ணப்பமும் நகராது.

50 ஆண்டு கடந்த வண்டிக்கு இன்னொரு வழியும் உண்டு. 2021ல் வந்த விதிப்படி அதை விண்டேஜ் என்று பதியலாம். எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு. ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது தவிர அன்றாடம் ஓட்டவும் கூடாது. இஷ்டப்படி கட்டிய வண்டியும் வேண்டும், விண்டேஜ் பதிவும் வேண்டும் என்றால் இரண்டும் நடக்காது. எது வேண்டும் என்பதை வாங்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். தினமும் ஓட்டத்தான் என்றால், நீங்கள் கைவைக்கக்கூடிய இடம் பின்தளம், இருக்கை, பலகை, விளக்கு, உள்ளலங்காரம் ஆகியவைதான். அதற்குள்ளேயே நிறையச் செய்யலாம்.

துருவைப் படிப்பது

நம் களிமண் ஈரத்தை விடாது. வயல் வரப்பில் ஓடிய வண்டியின் சேசிஸ் உட்புறத்தில் அந்த மண் கட்டிகட்டியாக ஒட்டி, வெளியே காய்ந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். துரு அங்கேதான் தொடங்கும். பின் ஸ்பிரிங் தொங்கும் கொக்கிக்கு மேலே, பாடி போல்ட் உட்காரும் இடங்கள், ஓட்டுநர் கால் வைக்கும் தளம், பேட்டரி தட்டின் அடி, பின் கிராஸ் மெம்பர் (குறுக்குச் சட்டம்) ஆகிய ஐந்து இடங்களையும் சுரண்டிப் பாருங்கள். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். மக்கிய இரும்பு மந்தமாகச் சத்தம் கொடுக்கும். சந்தேகம் வந்த இடத்தில் ஸ்குரூ டிரைவரை அழுத்துங்கள். உள்ளே போனால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். சேசிஸின் இரு பக்கமும் போனால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேதாரண்யம் உப்பளத்திலோ நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்திலோ உழைத்த வண்டி எவ்வளவு மலிவாக வந்தாலும் புதியவர்களுக்கு வேண்டாம். உப்பு இரும்பின் குழிகளுக்குள் தங்கிவிடும். மேலே எத்தனை கோட் அடித்தாலும் அடுத்த ஐப்பசியில் பெயிண்டுக்கு அடியிலிருந்து கொப்புளம் கிளம்பும்.

சேசிஸ் கோணலா என்று பார்க்கக் கொத்தனார் தூக்குக் குண்டு ஒன்று போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஸ்பிரிங் கொக்கிப் புள்ளிகள் நான்கிலிருந்தும் குண்டைத் தொங்கவிட்டுத் தரையில் சாக்பீஸ் புள்ளி வையுங்கள். குறுக்குக்குறுக்கே இரண்டு அளவையும் எடுங்கள். வித்தியாசம் 5 மி.மீ.க்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் என்றால் நிமிர்த்த, சேசிஸை இறுக்கிப் பிடிக்கும் ஜிக் உள்ள பட்டறைக்குத்தான் போக வேண்டும். வீட்டில் ஜாக்கி வைத்துத் தள்ளிப் பார்க்க வேண்டாம்.

கொட்டகை

20 அடிக்கு 14 அடி இடம் வேண்டும். வண்டியைச் சுற்றி மூன்றடி நடக்க முடிந்தால்தான் கதவைத் திறந்து வேலை பார்க்கலாம். கீற்றுக் கொட்டகையில் வெல்டிங்கும் கிரைண்டரும் கூடவே கூடாது. தீப்பொறி கீற்றுக்குள் புகுந்து, நீங்கள் சாப்பிடப் போன பிறகு நிதானமாகப் பற்றும். தகரக் கூரை போட வசதியில்லையென்றால் அந்த வேலைகளைத் திறந்த வாசலில் செய்யுங்கள்.

தரை மழைநீர் மட்டத்துக்கு மேலே கான்கிரீட்டாக இருக்க வேண்டும். மண்தரையில்தான் வேலை என்றால் வண்டியைத் தாங்கும் ஒவ்வொரு ஸ்டாண்டுக்கு அடியிலும் தடித்த பலகை வையுங்கள். மழையில் களிமண் இளகி ஸ்டாண்டின் ஒரு கால் மட்டும் இறங்கும். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும்போது அது நடக்க வேண்டாம். ஹாலோ பிளாக்கும் செங்கல்லும் ஸ்டாண்ட் ஆகாது, சொல்லாமல் உடையும்.

மின்சாரம் வீட்டு இணைப்பிலிருந்தே வர வேண்டும். மோட்டார் கொட்டகை பக்கத்தில் இருக்கிறதென்று விவசாய இலவச இணைப்பில் வெல்டிங் செட்டை மாட்டினால் அது சட்டப்படி முறைகேடான பயன்பாடு, அபராதம் பெரிது. 200 ஆம்பியர் இன்வெர்ட்டர் வெல்டிங் செட், தனி எம்.சி.பி., நல்ல எர்த் குழி ஆகியவை போதும். கருவிகளில் காசைச் சுருக்க வேண்டாதவை: 3 டன் ஸ்டாண்ட் நான்கு, டார்க் ரெஞ்ச், அங்குல ஸ்பானர் செட். பழைய ஜீப்பில் பெரும்பாலும் அங்குல நட்டுதான். மில்லிமீட்டர் ஸ்பானரை மாட்டித் திருப்பினால் மூலை மழுங்கி, அப்புறம் உளியைத் தேட வேண்டியிருக்கும்.

பிரிப்பது

பேட்டரியைக் கழற்று, பெட்ரோலை வடி, பானெட், கிரில், ரேடியேட்டர், பின்தளம், கேபின், எஞ்சினும் கியர் பாக்ஸும் ஒன்றாக, கடைசியில் ஆக்ஸில். ஒவ்வொரு இடத்தையும் கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். போல்ட்டுகளைக் கிலோக் கணக்கில் ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள். ஒரு பாகத்துக்கு ஒரு ஜிப் கவர், உள்ளே ஒரு சீட்டு. சீட்டை வெளியே ஒட்டினால் எண்ணெய் பட்டு விழும். துருப்பிடித்துப் போன போல்ட்டையும் தூக்கி எறிய வேண்டாம். நீளமும் மரையும் அதிலிருந்துதான் தெரியும்.

இறுகிய நட்டுக்கு முதல் நாள் மாலையே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள். மறுநாளும் அசையவில்லையென்றால் கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் சூடாக்கி, மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால் உள்ளே உருகி ஓடும். பெட்ரோல் டேங்க் பக்கத்தில் டார்ச் கூடாது.

ஒரு பழைய பொறி: இந்தக் குடும்பத்துப் பல வண்டிகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டு இடமரை, அதாவது எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். ஸ்டட்டின் நுனியில் 'எல்' எழுத்து இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். தெரியாமல் நாலடி பைப்பை மாட்டி நின்று மிதித்தால் ஸ்டட் முறிந்து கையில் வரும்.

எஞ்சினைத் தூக்க, ஊரில் சப்மெர்சிபிள் மோட்டார் ஏற்றி இறக்குபவரின் முக்காலியையும் 1 டன் செயின் பிளாக்கையும் ஒரு நாள் வாடகைக்கு எடுத்தால் போதும். வீட்டு உத்திரத்திலோ தென்னங்கட்டையிலோ தொங்கவிட வேண்டாம்.

சேசிஸ்

எல்லாம் கழன்ற பிறகு சேசிஸைப் பிளாஸ்டிங் செய்ய, அதாவது காற்றழுத்தத்தில் துகள்களை அடித்துத் துருவை நீக்க, கொடுங்கள். துவாக்குடிப் பக்கம் பேப்ரிகேஷன் தொழிற்கூடங்கள் நிறைய உண்டு. காப்பர் ஸ்லாக் அல்லது ஷாட் கொண்டு செய்வார்கள். ஆற்றுமணலைப் போட்டு நாமே அடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலை அரித்துவிடும், மணல் வழக்கு அதற்கப்புறம். பிளாஸ்டிங் முடிந்த இரும்பு வெள்ளிபோல் இருக்கும். நம் காற்றில் அப்படியே ஓர் இரவு கிடந்தால் பனி படிந்து காலையில் மஞ்சள் பூக்கும். எனவே காலையில் கொடுத்து, அன்று பிற்பகலுக்குள் எபாக்சி பிரைமர் ஒரு கோட்டாவது ஏற வேண்டும்.

விரிசல் இருந்தால் அதன் இரு முனையிலும் 4 மி.மீ. துளை போட்டு நிறுத்துங்கள். பிறகு வி வடிவில் கிரைண்ட் செய்து முழு ஆழத்துக்கு வெல்ட் செய்யுங்கள். மேலே வலுவுக்கு வைக்கும் தகடு சேசிஸ் தடிமனிலேயே இருக்க வேண்டும். இரு நுனியும் மீன் வாய்போலக் கூம்பி முடிய வேண்டும். செங்குத்தாக வெட்டிய சதுரத் தகட்டை ஒட்டினால் அந்த நேர்கோட்டிலேயே அடுத்த விரிசல் வரும்; ஊர் ஊராகக் கரும்பு ஏற்றும் டிராக்டர் டிரெய்லர்களில் இதைப் பார்க்கலாம். சட்டத்தின் மேல், கீழ் விளிம்புகளில் குறுக்கே வெல்ட் வேண்டாம். 7018 ராடு 3.15 மி.மீ.க்கு 110 முதல் 130 ஆம்பியர் வரை வையுங்கள். இந்த ராடு ஈரத்தை உறிஞ்சும். ஈர ராடு உள்ளுக்குள் நுண்விரிசல் விடும். சிறிய பாக்கெட்டாக வாங்கி, பிரித்த அன்றே தீர்த்துவிடுங்கள்.

நீர் வடியும் துளைகளை அடைக்காதீர்கள். மேல்பூச்சு முடிந்ததும் சட்டத்தின் உட்குழிவுக்குள் மெழுகு வகைத் துருத்தடுப்பானை நீளக் குழாய் மாட்டி அடியுங்கள். வெளியே எவ்வளவு பளபளத்தாலும் துரு உள்ளிருந்துதான் வரும்.

ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்து ஒவ்வொன்றையும் தேய்த்துப் பாருங்கள். வளைவு போனவற்றைப் பட்டைப் பட்டறையில் கொடுத்தால் மறுபடி வளைத்துத் தருவார்கள். இரு பக்கமும் ஒரே உயரமா என்று கேட்டு வாங்குங்கள். காலி பிக்கப்பின் பின்பக்கம் குதிக்கிறது என்று அவசரப்பட்டுப் பட்டையை உருவ வேண்டாம். பட்டைகளுக்கு இடையே துரு இறுகிக் கிடந்தாலும் குதிக்கும். தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் தடவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஸ்டியரிங்கில் 3பி போன்ற வண்டிகளில் முன் கிராஸ் மெம்பரில் ஒரு பெல் கிராங்க் இருக்கும். அதன் பின்னும் பேரிங்கும் தேய்ந்தால் ஒரு குழியில் இறங்கி ஏறியதும் முன்சக்கரம் இரண்டும் கிடுகிடுவென்று ஆடத் தொடங்கும். பலர் டயரை மாற்றி, அலைன்மென்ட் பார்த்துச் செலவழித்து ஓய்ந்த பிறகே இங்கே வருவார்கள். பெல் கிராங்க், டை ராடு எண்ட், கிங் பின் பேரிங் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

பிரேக்

இதில் பழையது எதையும் திரும்பப் போட வேண்டாம். வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், பைப் எல்லாம் புதிது. பைப்புக்கு ஏ.சி. கடைச் செம்புக் குழாயைப் போடும் பழக்கம் உண்டு. வளைக்க எளிது, ஆனால் அதிர்வில் இறுகி நெருப்புக்குச்சிபோல் முறியும். 4.75 மி.மீ. இரும்பு பிரேக் பைப், முனையில் இரட்டை மடிப்பு, அதுதான் சரி. பழைய வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே வழி எண்ணெய். ஒரு ஹோஸ் வெடித்தால் பெடல் தரையைத் தொடும். இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் மாற்றுவதாக இருந்தால் பிரேக் வேலை தெரிந்த மெக்கானிக் கூட இருக்கட்டும்.

டிரம்மை லேத்தில் விடும்போது விட்டத்தில் 1.5 மி.மீ.க்கு மேல் சீவக் கூடாது; ஒரே ஆக்ஸிலின் இரு டிரம்மும் ஒரே அளவில் இருக்க வேண்டும். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். ரப்பர் வாஷரைப் பெட்ரோலிலோ டீசலிலோ கழுவினால் ஊதிப் பெருத்து, பிரேக் விடாமல் பிடிக்கும். டாட் 3 பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள். குழாயிலிருந்து ஏர் எடுக்கும் வரிசை தூரத்திலிருந்து கிட்டத்துக்கு: இடப் பின், வலப் பின், இட முன், வல முன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை முழுக்க மாற்றுங்கள்.

எஞ்சின்

பழைய பெட்ரோல் ஜீப்புகளில் இருப்பது ஹரிக்கேன் எனப்படும் நாலு சிலிண்டர் எஞ்சின், 2199 சி.சி. இன்டேக் வால்வு எஞ்சினின் ஹெட்டிலும் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும் வித்தியாசமான அமைப்பு. இறுகிக் கிடந்தால் பிளக் துளைகளில் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து விட்டு ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பிறகு கையால் சுற்றிப் பாருங்கள். செல்ஃப் போட்டு முயல வேண்டாம். சுற்றினால் கம்ப்ரஷன் பாருங்கள். நாலு சிலிண்டருக்கும் இடையே வித்தியாசம் 15 பி.எஸ்.ஐ.க்குள் இருந்தால் ஒருவேளை பிரிக்காமலே தப்பிக்கலாம்.

பிரிப்பதானால் ஒன்றை மறக்காதீர்கள்: ஹெட் போல்ட்டுகளில் ஒன்று கார்புரேட்டருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அதைக் கழற்றாமல் கம்பி கொடுத்து நெம்பி, ஹெட்டைக் கீறல்விட்டவர்கள் ஏராளம்.

சிலிண்டரின் உள்விட்டம், அதாவது போர், 79.4 மி.மீ. சிலிண்டரின் மேலும் கீழும் அளந்து 0.2 மி.மீ.க்கு மேல் தேய்மானம் இருந்தால் போரிங் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் மாட்ட வேண்டும். முதலில் பிஸ்டன் கையில் வரட்டும். பிறகுதான் பிளாக்கை லேத் பட்டறைக்குக் கொடுக்க வேண்டும். 20 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு) போர் போட்டுவிட்டு 20 தவ் பிஸ்டனைத் தேடி ஆறு மாதம் அலைவது வழக்கமான கதை. நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000ல் நின்றுவிட்டதால், எக்ஸாஸ்ட் வால்வுக்குக் கடின இரும்பு சீட் வளையம் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வால்வு மெல்ல மெல்லப் பிளாக்குக்குள் அமிழும்.

பட்டறைகளுக்கும் பருவம் உண்டு. குறுவை அறுப்புக்கும் சம்பா அறுப்புக்கும் முந்தைய வாரங்களில் லேத் பட்டறைகள் அறுவடை இயந்திர வேலையில் மூழ்கியிருக்கும். வைகாசியில் கொடுத்தால் ஆற அமரச் செய்து தருவார்கள்.

மறுபடி பூட்டும்போது வேண்டிய அளவுகள்: எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இன்டேக் வால்வு இடைவெளி 0.018 அங்குலம், எக்ஸாஸ்ட் 0.016. பிளாட்டினம் பாயின்ட் 0.020. பிளக் 0.030. பற்றும் வரிசை 1, 3, 4, 2. டைமிங் மேல்புள்ளிக்கு 5 டிகிரி முன்பு. ஹெட் போல்ட் 80 முதல் 95 நியூட்டன் மீட்டர், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றில். ஆயில் 20டபிள்யூ40 அல்லது 20டபிள்யூ50, சுமார் 4 லிட்டர். ஸ்டிக்கைப் பார்த்து நிறுத்துங்கள்.

இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் இருக்கிறது. பழைய ரப்பர் குழாய், பம்பின் டயஃப்ரம், மிதவையின் கார்க் எல்லாவற்றையும் அது கரைத்துவிடும். எத்தனால் தாங்கும் ஹோஸும் டயஃப்ரமும் போடுங்கள். எத்தனால் ஈரத்தையும் இழுப்பதால் மழைக்காலம் முழுக்க நிற்கப்போகும் வண்டியின் டேங்கைக் காலியாக வடித்துவிடுங்கள். துருப்பிடித்த டேங்கில் ஒரு படி ஜல்லிச் சிப்ஸும் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் உட்புறம் சுத்தமாகும். டேங்க் ஓட்டைக்கு வீட்டில் வெல்டிங் வைக்கக் கூடாது. காலி டேங்கில் நிற்கும் ஆவிதான் வெடிக்கும்.

ரேடியேட்டருக்குப் போர் தண்ணீர் வேண்டாம். கடலோரப் பக்கத்தில் அது உப்பு, உள்ளே காரைபோல் படிந்து குழாய் அடைக்கும். டிஸ்டில்ட் தண்ணீரும் கூலன்ட்டும் பாதிப்பாதி. "சூடு ஏறுது, தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடு" என்று சொல்லாத மெக்கானிக் கிடையாது. சூட்டுக்குக் காரணம் அடைத்த ரேடியேட்டரும் தளர்ந்த பெல்ட்டும்தான். அவற்றைச் சரிசெய்துவிட்டுத் தெர்மோஸ்டாட்டை அதன் இடத்தில் விட்டுவிடுங்கள்.

கியர் பாக்ஸ்

சத்தமில்லாமல் கியர் விழுந்தால் பிரிக்காதீர்கள். ஆயில் சீல்களை மட்டும் மாற்றி ஜி.எல். 4 தரத்தில் 80டபிள்யூ90 ஊற்றுங்கள். ஜி.எல். 5 விலை கூடியது என்பதால் நல்லது என்று நினைக்க வேண்டாம். அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சில வகைகளில் பித்தளை வளையங்களை அரிக்கும். இந்த வண்டிகளில் கைப்பிரேக், இரு ஆக்ஸிலுக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க டிரம்மில் இருக்கிறது. அங்கே சீல் ஒழுகினால் லைனிங் எண்ணெயில் ஊறிக் கைப்பிரேக் நிற்காது. ஓடும்போது அதை இழுத்தால் பிராப்பல்லர் ஷாஃப்ட் முழுக்க அடிவாங்கும்.

தகரமும் பலகையும்

மக்கிய தகரத்தை நல்ல இரும்பு தெரியும் வரை, அதற்கும் ஓர் அங்குலம் தள்ளி வெட்டுங்கள். பழையதன் மேல் புதுத் தகரத்தை ஒட்டவைத்தால் நடுவில் தண்ணீர் தங்கும். பாடிக்கு 18 கேஜ், தளத்துக்கு 16 கேஜ் சி.ஆர்.சி. தகடு. சாதா ராடு இந்தத் தகட்டைப் பொத்துவிடும், 0.8 மி.மீ. கம்பி போட்ட மிக் வெல்டிங் வேண்டும். ஒரு புள்ளி வைத்து, ஓரடி தள்ளி அடுத்தது, பிறகு நடுவில் என்று மாற்றி மாற்றி வையுங்கள். ஒரே மூச்சில் கோடு இழுத்தால் தகடு அலையலையாக நெளியும். அந்த நெளிவைப் பட்டிப் பசையால் மறைக்கத்தான் பிறகு நாள்கள் போகும். பட்டி 3 மி.மீ.க்கு மேல் போனால் டிங்கரிங் முடியவில்லை என்று அர்த்தம். கதவு ஓரத் தகடுகளை வெல்ட் வைக்கும் முன் கதவை மாட்டி, சுற்றிலும் 4, 5 மி.மீ. இடைவெளி ஒன்றாக வருகிறதா என்று பார்த்த பிறகே நிரந்தரமாக ஒட்டுங்கள்.

பின்தளப் பலகைதான் நம் ஊருக்கு வரம். மாட்டுவண்டி செய்த தச்சர்கள் கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். வாகையும் பூவரசும் அவர்கள் கைக்குப் பழகிய மரங்கள். தேக்கு அழகு, ஆனால் பை பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகக் காய்ந்த மரத்தில் 20 மி.மீ. தடிமன். பங்குனியில் பூட்டினால் பலகைகளுக்கு இடையே 4 மி.மீ. விடுங்கள், ஐப்பசி மழையில் மரம் ஊதும். இடைவெளியை மூட இரும்புப் பட்டையும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும். பூட்டும் முன் பலகையின் ஆறு பக்கமும், குறிப்பாக வெட்டுமுனைகளில், ஆளிவிதை எண்ணெய் மூன்று கை. வெட்டுமுனையை விட்டுவிட்டால் அங்கிருந்துதான் மக்கும்.

வண்டியின் முன்பக்கத்துக்குப் பித்தளையிலோ வெண்கலத்திலோ பெயர்ப்பட்டை வேண்டுமென்று ஆசைப்பட்டால் மெழுகு வார்ப்புக்குச் சுவாமிமலையைவிட நல்ல இடம் தேடிக் கிடைக்காது. மாதிரியை மட்டும் துல்லியமாகக் கொடுங்கள். இதற்கு ஆர்.டி.ஓ.வும் ஒன்றும் சொல்ல மாட்டார்.

பெயிண்டுக்கு மாசி, பங்குனி

ஐப்பசி, கார்த்திகையில் ஈரம். மார்கழியில் பனி. தையில் அறுப்புத் தூசி. ஆடியில் காற்று எல்லாப் புழுதியையும் வாரிக் கொண்டுவரும். மிச்சம் இருப்பது மாசி பாதியிலிருந்து சித்திரை வரைதான். காலை ஒன்பதரையிலிருந்து நண்பகலுக்குள் அன்றைய பூச்சை முடித்துவிடுங்கள். மாலையில் டியூப் லைட் போட்டு அடித்தால் வயல்வெளிப் பூச்சி முழுக்க உங்கள் பானெட்டில் வந்து ஒட்டும். அதைப் பிடுங்கினால் கால்கள் மட்டும் தங்கிவிடும்.

எபாக்சி பிரைமர் இரண்டு கோட், சர்ஃபேசர் இரண்டு, 400 எண் உப்புத்தாளில் தேய்ப்பு, பிறகு 800, அதன்பின் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் இரண்டு அல்லது மூன்று கோட். சர்ஃபேசர் தண்ணீரை உறிஞ்சும். ஈரத்தாளில் தேய்த்துவிட்டு மறுநாள் அடித்துக்கொள்ளலாம் என்று மூடிவைத்தால் கொப்புளம் நிச்சயம். வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். கம்ப்ரசர் குழாயில் ஈரம் பிரிக்கும் கோப்பை அவசியம், அதை அரைமணிக்கு ஒருமுறை வடியுங்கள். பி.யு. கடினப்படுத்தியின் ஆவி மூச்சுக்குழாயை நிரந்தரமாகக் கெடுக்கும். முகத்தில் துண்டு கட்டுவது பாதுகாப்பு ஆகாது. கரி வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி போட்டு, காற்றோட்டமான இடத்தில் அடியுங்கள்.

ஒயரிங்

பழைய ஒயரை முழுக்க உருவி எறியுங்கள். 12 வோல்ட், நெகட்டிவ் எர்த். பேட்டரிக்கு 35 சதுர மி.மீ., முதன்மைக் கம்பிக்கு 6, ஹெட்லைட்டுக்கு 2.5, மற்றவற்றுக்கு 1 அல்லது 1.5. ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் தனி ரிலே, ஒவ்வொரு வழிக்கும் பியூஸ். எஞ்சினிலிருந்து சேசிஸுக்கும் பேட்டரியிலிருந்து சேசிஸுக்கும் பெயிண்டைச் சுரண்டி எர்த் பட்டை மாட்டுங்கள். விளக்கு மங்குவது, செல்ஃப் தயங்குவது எல்லாவற்றுக்கும் பாதி நேரம் எர்த்தான் காரணம்.

அறுப்பு முடிந்ததும் வயலெலிகள் வீட்டுப் பக்கம் வரும். வெதுவெதுப்பான எஞ்சின் அறை அவற்றுக்குப் பிடித்த இடம். ஒயரை மடிப்புக் குழாய்க்குள் விட்டு, தரையை ஒட்டிய பகுதிகளில் கம்பி வலை சுற்றிய உறை போடுங்கள். கொட்டகையில் நெல் மூட்டை அடுக்காதீர்கள்.

முதல் ஓட்டம்

எஞ்சின் புதிதாகக் கட்டியதென்றால் பற்றியதும் ஐடிலில் விடாமல் 1500 முதல் 2000 சுற்றில் இருபது நிமிடம் ஓட விடுங்கள். கேம் ஷாஃப்டும் டேப்பட்டும் ஒன்றுக்கொன்று படிய அந்த ஆயில் வீச்சு வேண்டும். ஆயில் பிரஷர் முள் ஏறவில்லையென்றால் உடனே நிறுத்துங்கள். ஆறிய பிறகு ஹெட் போல்ட்டையும் வால்வு இடைவெளியையும் திரும்பப் பாருங்கள்.

பதிவும் மூன்றாம் நபர் காப்பீடும் முடியும் வரை சாலையில் ஏற்ற வேண்டாம். சொந்தக் களத்திலோ தோப்பு வழியிலோ முதல் கியரில் நகர்த்தி, பிரேக்கை மூன்று நான்கு முறை மிதித்துப் பாருங்கள். பெடல் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. இழுத்தால் அந்தப் பக்கத்துக்கு எதிர் டிரம்மைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் எண்ணெய் ஒழுகியிருக்கும் அல்லது சிலிண்டர் இறுகியிருக்கும். 50 கி.மீ. ஓடியதும் வீல் நட்டு, யு போல்ட், பிராப்பல்லர் ஷாஃப்ட் போல்ட் மூன்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குங்கள். 500 கி.மீ.யில் எஞ்சின் ஆயிலை மாற்றும்போது வடித்ததை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி கொஞ்சம் இருப்பது இயல்பு. செம்பு நிறச் செதில் மின்னினால் அன்றைக்கே ஓட்டுவதை நிறுத்திவிட்டுச் எஞ்சினின் ஆயில் சம்ப்பைக் கழற்றி பேரிங்கைப் பாருங்கள்.